தூத்துக்குடிக் கரையில் தகராறு வந்தால் யார் நாட்டாமை?

"தூத்துக்குடி, காயல்பட்டினம், மணப்பாடு என்று நம்ம கரையில் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் வரிசையாக வந்து கடை போட்டார்கள். உள்ளே ராஜா, நாயக்கர், பாளையக்காரர். இவர்களுக்குள் வெட்டுக்குத்து வந்தபோது வெள்ளைக்கார அதிகாரிகள் அதை எப்படித் தீர்த்தார்கள் அண்ணாச்சி? நியாயம் பார்த்தார்களா, இல்லை தங்கள் ஆள் பக்கம் சாய்ந்தார்களா?" என்று கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டு வரியில் முடியாது என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சண்டை போடுகிற இருவர், நடுவில் ஓர் அதிகாரி என்று நீங்கள் நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். திருநெல்வேலிச் சீமையில் அப்படி நடுவில் ஆளே கிடையாது. போர்ச்சுக்கீசியக் கேப்டன் சொந்தத்தில் குதிரை விற்பார். டச்சுக்காரர்களின் தூத்துக்குடித் தலைவர் துணியும் சங்கும் வாங்கி அனுப்புவதற்காகவே அங்கே உட்கார்ந்திருப்பவர். ஆங்கிலேயக் கலெக்டருக்குச் சம்பளம் கொடுத்ததே ஒரு வியாபாரக் கும்பெனி. பங்காளிச் சண்டையில் பங்காளியே நாட்டாமையாக உட்கார்ந்தால் என்ன தீர்ப்பு வருமோ அதுதான் பெரும்பாலும் வந்தது. விசாரணை, தண்டனை எல்லாம் இருந்தன. ஆனால் அவை கோவாவிலோ கொழும்பிலோ சென்னையிலோ இருந்த மேலதிகாரி செய்கிற வேலை. அவருடைய உத்தரவு வந்து சேர்வதற்குள் இங்கே ஊர் எரிந்து முடிந்திருக்கும்.

தகராறு எதைச் சுற்றி வந்தது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். கடல் ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் கையில். முத்துச் சிலாபமும் (பருவத்தில் நடக்கும் முத்துக்குளிப்பு) சங்குக் குளிப்பும் கடலில். குடிதண்ணீர், அரிசி, நெசவாளர் ஊர்கள், சுங்கச் சாவடிகள் எல்லாம் நிலத்தில். கரையில் கோட்டையும் கப்பலும் வைத்திருந்தவர் ராஜாவின் கடல் வருமானத்தை மறிக்கலாம். ராஜாவின் ஆட்கள் துணி மூட்டையை உள்ளேயே நிறுத்திவிட்டால் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) காலி. இருவரிடமும் ஒவ்வொரு பிடி இருந்ததால் சண்டை அடிக்கடி வந்தது, சீக்கிரமே சமாதானமும் ஆனது. நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்கியவர்கள் கரையில் குடியிருந்த பரதவர்கள்.

இந்த மூன்று தரப்புக் கணக்கு தொடங்கியது 1530களில். காயல் பக்கத்து முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவர்களுக்கும் முத்துக்குளிப்பு உரிமையில் பகை முற்றியது. பரதவர் தூதுக்குழு கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டது. மதம் மாறுவதும் பாதுகாப்பும் சேர்ந்தே வந்தன. 1536, 37 வாக்கில் கரை ஊர்கள் பலவும் கிறிஸ்தவ ஊர்களாகிவிட்டன. 1538ல் வேதாளையில் நடந்த கடற்சண்டையில் எதிர்த்தரப்புக் கப்பற்படை தோற்றபின், முத்துக்குளித்துறை என்று அவர்கள் அழைத்த இந்தக் கரைக்குப் போர்ச்சுக்கீசியக் கேப்டன் ஒருவர் அதிகாரம் செலுத்துவது வழக்கமானது. ஆனால் கவனியுங்கள், மண் இன்னும் உள்ளூர் அரசர்களுடையதுதான். கயத்தாற்றுப் பக்கம் வெட்டும்பெருமாள், மேற்கே வேணாட்டு உண்ணி கேரளத் திருவடி, வடக்கேயிருந்து விஜயநகரத்துக்காக வந்து இறங்கும் வடுகப் படை. இவர்கள் மூவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த காலம் அது.

இங்கேதான் கோஸ்மே த பைவா என்ற கேப்டன் வருகிறார். 1540களின் நடுவில் தூத்துக்குடியில் இருந்தவர். போர்க்குதிரை அப்போது கடல் வழியாகத்தான் வரும், அந்த வழி போர்ச்சுக்கீசியர் கையில். வெட்டும்பெருமாளுக்குக் குதிரை தேவை, கேப்டனுக்குக் காசு தேவை. வியாபாரம் நடந்தது. சண்டையில் இருக்கிற இரண்டு அரசர்களில் ஒருவனுக்கு மட்டும் குதிரை கொடுக்கிற அதிகாரி நாளை மற்றவனிடம் போய் "என் கரை ஊரைத் தொடாதே" என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதெல்லாம் நமக்குத் தெரிய வந்தது பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களால். அவர் அப்போது மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல் என்று கரையோரமாக நடந்துகொண்டே இருந்தார். உடன் வேலை பார்த்த மான்சிலாஸ் என்பவருக்கு வாரத்துக்கு ஒன்றாகக்கூட எழுதியிருக்கிறார். பக்திக் கடிதம் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கினால் பாதிக்கு மேல் போலீஸ் ஸ்டேஷன் விவகாரம் மாதிரி இருக்கும்.

1544 மார்ச்சில் மணப்பாட்டிலிருந்து எழுதிய ஒன்றைப் பாருங்கள். வேணாட்டு ராஜ குடும்பத்து இளவரசர் ஒருவரின் வேலைக்காரனை ஒரு போர்ச்சுக்கீசியன் பிடித்துக் கட்டிப் புன்னைக்காயலுக்குக் கொண்டுபோய்விட்டான், தூத்துக்குடிக்குக் கொண்டுபோகப் போவதாகவும் சொல்கிறான். சவேரியாருக்குக் கோபம். அவனுக்கு ஏதாவது பாக்கி வரவேண்டியிருந்தால் இந்த நாட்டு அரசரிடம் போய் முறையிடட்டும், அதை விட்டுவிட்டு ஆளைத் தூக்குவது என்ன முறை என்று கேட்கிறார். அதோடு விடவில்லை. ஓர் இந்தியன் போர்ச்சுக்கீசியனோடு தகராறு என்று அவனைப் பிடித்துக் கட்டி உள்நாட்டுக்கு இழுத்துப்போனால் நமக்குப் பிடிக்குமா, அதே உணர்ச்சி அவர்களுக்கும் இருக்காதா என்று கேட்கிறார். அந்தக் காலத்து ஐரோப்பியர் ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாதம் வருவது அபூர்வம். இந்த மண்ணின் வழக்கு இந்த மண்ணின் அரசனிடம் என்ற நிலையை அன்று எடுத்தவர் அதிகாரி அல்ல, ஒரு பாதிரியார். அதிகாரி குதிரை விற்றுக்கொண்டிருந்தார்.

அதே வருஷம் மழைக்கு முன்னால் வடுகப் படை தூத்துக்குடிமேல் விழுந்தது. கேப்டனுடைய கப்பலும் கரையிலிருந்த வீடுகளும் எரிந்தன. அவர் தீவுக்கு ஓடினார். ஜனங்களும் எதிரே இருந்த தீவுகளுக்கு ஓடினார்கள். அந்தத் தீவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மணலும் பவளப்பாறையும்தான், குடிக்கத் தண்ணீர் கிடையாது. உடனே தோணிகளில் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு போ என்று சவேரியார் மான்சிலாஸுக்கு எழுதுகிறார். "நானே போவேன், ஆனால் கேப்டனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, என்னைப் பற்றிப் பயங்கரமாக எழுதியிருக்கிறார்" என்ற தொனியில் ஒரு வரியும் அதில் உண்டு.

அப்புறம் டிசம்பரில் கொச்சியிலிருந்து ஒரு கடிதம். இது இந்தக் கதையின் உச்சம். கேப்டன் இந்தக் கரையில் அடித்த கொள்ளைகளுக்கும், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் விளைந்த சாவுகளுக்கும் பரிகாரம் செய்யச் சொல்லி அவர் மனசாட்சியைத் தட்டி எழுப்பு என்கிறார் சவேரியார். கூடவே இன்னொன்று: போர்ச்சுக்கீசியர்களைக் கொன்றவர்களிடமிருந்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல், தன் ஆட்களின் ரத்தத்தைக் காசுக்கு விற்பது அசிங்கம் என்கிறார். தன் நாட்டு ஆளைக் கொன்ற வழக்கையே பணம் வாங்கிக்கொண்டு முடித்திருக்கிறார் அந்த அதிகாரி! தம்பி, "தங்கள் ஆள் பக்கம் சாய்ந்தார்களா" என்று கேட்டீர்களே, இவர் அந்தப் பக்கம்கூடச் சாயவில்லை. தன் பைப் பக்கம் சாய்ந்தார்.

இதற்குப் பிந்தைய போர்ச்சுக்கீசியக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம், மாதிரி மாறவில்லை. 1549ல் வேதாளையில் இருந்த கேப்டன் ராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்திரிகர்களை மறித்துக் காசு வாங்கினார். ஆட்கள் திரண்டு வந்தபோது கேப்டன் தப்பிவிட்டார். ஜனங்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்த அந்தோணியோ கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு குத்துப்பட்டுச் செத்தார். வேதாளை சேதுச் சீமை (ராமநாதபுரம் பக்கம்) என்றாலும் காரணம் ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன். 1553ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டுக் கேப்டன் குடும்பத்தோடு பிடிபட்டார். தமிழ் அச்சு நூல்களுக்காக நாம் நினைவில் வைத்திருக்கிற அண்ட்ரிக் அடிகளாரும் அப்போது கைதியானார். மீட்புப் பணத்துக்கு அலைந்தவர்கள் பரதவர்கள். பாதுகாப்புக் கேட்டுப் போனவர்கள் பாதுகாவலனை விலை கொடுத்து மீட்டார்கள்.

டச்சுக்காரர்கள் வேறு ரகம். சொந்தக் கணக்கில் சில்லறை பார்ப்பதை அவர்களுடைய கும்பெனி கண்டிக்கும் (நிறுத்த முடிந்ததா என்பது வேறு விஷயம்). எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். தகராறைத் தீர்ப்பதிலும் கணக்குப் பிள்ளைத்தனம் இருக்கும். ஆனால் அவர்களுடைய முதல் பெரிய தகராறு கணக்குப் புத்தகத்தில் முடியவில்லை, திருச்செந்தூர்க் கோயிலில் முடிந்தது.

1640களில் மதுரையில் திருமலை நாயக்கர். டச்சுக்காரர்கள் காயல்பட்டினத்தில் ஒரு கிட்டங்கி போட்டார்கள். தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுக்கீசியருக்கு அது கண்ணில் விழுந்த மணல். உள்ளூர் அதிகாரிகளிடம் ஓதவேண்டியதை ஓதினார்கள். டச்சுக் கிட்டங்கி சூறையாடப்பட்டது. இலங்கையில் டச்சுக் கவர்னராக இருந்தவர் யோவான் மாட்சைக்கர். சட்டம் படித்தவர், பத்தேவியாவின் (இன்றைய ஜகார்த்தா) சட்டத் தொகுப்பைத் தொகுத்ததே அவர்தான், பின்னாளில் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். அப்படிப்பட்ட ஆள் நஷ்ட ஈடு கேட்ட முறை எப்படி? 1649 தொடக்கத்தில் அவர் பொறுப்பில் கப்பற்படை வந்து தூத்துக்குடியைப் பிடித்துத் தண்டம் வசூலித்தது. திருச்செந்தூர்க் கோயிலில் சிப்பாய்கள் நுழைந்து தங்கினார்கள். போகும்போது சண்முகர், நடராஜர் திருமேனிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதற்கு மேல் நடந்ததை நம்ம பக்கம் எல்லாருமே கேட்டு வளர்ந்திருப்போம். புயல் எழுந்தது, பயந்துபோய் மூர்த்திகளைக் கடலில் போட்டார்கள், நாயக்கருடைய திருநெல்வேலிப் பிரதிநிதி வடமலையப்பப் பிள்ளையின் கனவில் முருகன் வந்து, எலுமிச்சம்பழம் மிதக்கிற இடத்தில், கருடன் வட்டமிடுகிற இடத்தில் மூழ்கிப் பார் என்றான், 1653ல் கிடைத்தது என்பது கோயில் வரலாறு. அதற்குள் அவர் வார்த்து வைத்திருந்த மாற்றுத் திருமேனி பாளையங்கோட்டை திருப்பிரண்டீஸ்வரர் கோயிலுக்குப் போனது என்பார்கள். திருச்செந்தூரில் அவர் பெயரில் மண்டபம் இருக்கிறது. நான் இங்கே பார்ப்பது பக்திப் பகுதியை விட்டு மிச்சமிருப்பதை. கிட்டங்கியைச் சூறையாடியவர்கள் வேறு, தூண்டியவர்கள் வேறு, கடைசியில் பிணை வைக்கப்பட்டது சாமி. நஷ்டத்துக்கும் கோயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாயக்கர் எதற்கு இறங்கி வருவார் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த இடத்தைத் தொட்டார்கள்.

இந்த வித்தை அவர்களோடு நிற்கவில்லை. நூறு வருஷம் கழித்து, 1755ல், ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்காக மதுரை, திருநெல்வேலி வசூலுக்கு வந்த கும்பெனித் தளபதி கர்னல் ஹெரான் மதுரைக்கருகே கோயில்குடியில் கள்ளர்களின் சாமிச் சிலைகளை எடுத்துக்கொண்டு, 5,000 ரூபாய் கொடுத்தால் தருகிறேன் என்றார். யாரும் கொடுக்கவில்லை. திரும்பிப் போகும்போது நத்தம் கணவாயில் "சாமி, சாமி" என்று கத்திக்கொண்டு பாய்ந்த கள்ளர்கள் அவற்றை மீட்டுக்கொண்டார்கள். அதே பயணத்தில்தான் நெற்கட்டும்செவலில் பூலித்தேவரிடம் 20,000 ரூபாய் கேட்டு, சுவரை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினார். திருநெல்வேலிக்குத் தெற்கே நெல்லிக்கோட்டை என்ற சிறு கோட்டையில் ஆண், பெண், குழந்தை என்று சுமார் 400 பேரில் ஆறு பேர்தான் உயிரோடு மிஞ்சினார்கள். ஹெரானைச் சென்னையில் ராணுவ விசாரணைக்கு நிறுத்தி வேலையை விட்டு நீக்கினார்கள். நெல்லிக்கோட்டைக்காக அல்ல, பரிசு வாங்கியது, குத்தகை பேசியது போன்ற விவகாரங்களுக்காக.

டச்சுக்காரர்களுக்குத் திரும்புவோம், ஏனென்றால் 1658ல் போர்ச்சுக்கீசியரை விரட்டித் தூத்துக்குடியை எடுத்த பிறகு அவர்கள் ஓரளவு நிதானமான ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். நியாயத்தை விட லாபத்தில் பிறந்த வழிதான், ஆனாலும் வேலை செய்தது. முத்துக்குளிப்பில் ஒவ்வொருவருக்கும் எத்தனை 'கல்' என்று கணக்கு. குளிக்கிறவன் காலில் கட்டி இறங்குகிற கல். ஒரு கல் உரிமை என்றால் ஒரு குளிகாரனை வரியில்லாமல் இறக்கலாம். 1663 சிலாபத்தில் மதுரை நாயக்கருக்கு 96½ கல், ராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கல், பரதவர் பட்டங்கட்டிகளுக்கு (ஊர்த் தலைவர்கள்) தனி ஒதுக்கீடு. அரைக் கல் எப்படி இறக்கினார்கள் என்று கேட்காதீர்கள், பங்குக் கணக்கு எப்போதுமே அப்படித்தான்.

இதன் சூட்சுமம் என்னவென்றால், கடல் அமைதியாக இருந்தால்தான் நாயக்கருக்கு வருமானம். சண்டை வந்தால் சிலாபம் நடக்காது, 96½ கல்லும் போச்சு. அதற்கு மேல் திருநெல்வேலி அதிகாரிக்கு அவ்வப்போது யானை, வெகுமதி, நயமான வார்த்தை. இவ்வளவுக்கும் பிறகு 1660களின் முடிவில் மறுபடி கைகலப்பு வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் முடிவில் ஓர் ஒப்பந்தம் எழுதி உட்கார்ந்தார்கள். தூத்துக்குடி டச்சுத் தலைவர் வணிகர் வரிசையில் படிப்படியாக ஏறி வந்தவர். மூட்டை வராவிட்டால் என்ன நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். வாளை எடுப்பதற்கு முன் கணக்கை எடுத்துப் பார்க்க அது உதவியது என்று நினைக்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஆட்டம் மாறுகிறது. நாயக்கர் போனார், நவாப் வந்தார், நவாப்புக்குப் பின்னால் ஆங்கிலக் கும்பெனி. இப்போது பாளையக்காரர்களுக்கு இரண்டு வெளிநாட்டு வியாபாரிகள். 1760ல் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து படை கொண்டுவந்து இறக்கி ஆழ்வார்திருநகரி வரை போனார்கள். கும்பெனித் தளபதி யூசுப் கான் கிளம்பி வருகிறான் என்றதும் திரும்பிவிட்டார்கள். 1783 ஆகஸ்டில் ஆங்கிலக் கும்பெனியின் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, அன்றைய கட்டபொம்மு நாயக்கருக்கும் கொழும்பு டச்சு அரசுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் மூலப் பத்திரமே உள்ளே கிடைத்தது. அப்போது ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர். அந்தப் பத்திரம் போதும், ஒரு பாளையத்தையே ஒழித்துக்கட்ட. புல்லர்ட்டன் ஒழிக்கவில்லை. சிவகிரியையும் அடித்துவிட்டு, இரண்டு பாளையக்காரர்களிடமும் பணமும் வாக்குறுதியும் வாங்கிக்கொண்டு பாளையங்களைத் திருப்பிக் கொடுத்தார். பெருந்தன்மையா? திப்புவின் சீமைமேல் படை நடத்த அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் அவர் பாலக்காட்டில் இருந்தார்.

அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 1798க்கு வாருங்கள். எல்லாருக்கும் தெரிந்த ஜாக்சன் கதைதான், ஆனால் அதை வீரக்கதையாக மட்டும் படித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

1792 ஒப்பந்தப்படி பாளையக்காரர்களின் பேஷ்குஷ் (கப்பம்) வசூல் கும்பெனி கைக்கு வந்தது. வீரபாண்டிய கட்டபொம்மன் பெயரில் 1798 மே முடிவில் 3,310 வராகன் பாக்கி. கலெக்டர் காலின் ஜாக்சன் ஆகஸ்டு 18 தேதியிட்டு ஒரு கடிதம் விடுகிறார்: இரண்டு வாரத்துக்குள் ராமநாதபுரம் வந்து சேர். கட்டபொம்மன் கிளம்புகிறார். ஆனால் கலெக்டர் ஓரிடத்தில் நிற்கவில்லை, சுற்றுப்பயணம். குற்றாலத்தில் பார்க்க முடியாது, ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்க்க முடியாது, ராமநாதபுரத்தில்தான் பேட்டி. பரிவாரத்தோடு ஒரு பாளையக்காரர் கலெக்டரின் பல்லக்குத் தூசியில் ஊர் ஊராகப் போவதை வழியெல்லாம் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் ஜாக்சன் விரும்பியது என்று எனக்குத் தோன்றுகிறது.

செப்டம்பர் 10. சேதுபதியின் கோட்டைக்குள் பேட்டி. கட்டபொம்மனும் மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றார்கள். உட்காரச் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்தால் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது, மிச்சம் 1,080 வராகன்தான். கணக்கு முடிந்தது, போகலாம் என்றுதானே சொல்ல வேண்டும்? கோட்டைக்குள்ளேயே இருங்கள் என்றார் கலெக்டர். அதன் பொருள் யாருக்கும் விளங்காமல் இல்லை. வெளியே வரப் பார்த்தார்கள், சிப்பாய்கள் நுழைந்தார்கள், வாசலில் கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் உட்படச் சிலர் செத்தார்கள். பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சி வந்து சேர்ந்தார்.

இனிமேல்தான் சுவாரசியம். ஊர் போய்ச் சேர்ந்த கட்டபொம்மன் சென்னைக் கவுன்சிலுக்கு முறையீடு அனுப்பினார். கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஜாக்சனைத் தற்காலிகமாக விலக்கி, பிள்ளையை விடுவித்து, பிரவுன், ஓராம், காசாமேஜர் என்று மூன்று பேரைக் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார். டிசம்பர் 15 அன்று கட்டபொம்மன் குழுவின் முன் வந்து நடந்ததைச் சொன்னார். குற்றமில்லை என்று குழு முடிவு செய்தது. ஜாக்சன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். புதுக் கலெக்டராக லஷிங்டன் வந்தார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி செத்திருக்கிறார், ஆனாலும் தீர்ப்பு பாளையக்காரர் பக்கம். அந்த 250 வருஷத்தில் உள்ளூர்த் தலைவர் ஒருவரை அழைத்து, அவர் சொன்னதைக் கேட்டு, தங்கள் அதிகாரி மேலேயே நடவடிக்கை எடுத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆனால் குழு எதை விசாரித்தது, எதை விசாரிக்கவில்லை என்று பாருங்கள். ஜாக்சன் நடத்தை சரியா என்று விசாரித்தது. பேஷ்குஷ் கேட்கக் கும்பெனிக்கு என்ன உரிமை, பாளையக்காரர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது பேச்சிலேயே இல்லை. கலெக்டரை மாற்றினார்கள், கச்சேரியை மாற்றவில்லை. இன்னொன்று, நாள்காட்டி. 1798 டிசம்பரில் கும்பெனியின் கவனம் முழுக்க மைசூரில். தெற்கே இன்னொரு சண்டைக்கு ஆள் கிடையாது. 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு செத்தார். அந்த மாதமே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி தெற்கே படை திரட்ட உத்தரவு போடுகிறார். புல்லர்ட்டனுக்கு நடந்ததன் மறுபக்கம் இது: அன்று மைசூருக்குப் போக வேண்டியிருந்ததால் மன்னிப்பு, இன்று மைசூர் முடிந்ததால் மன்னிப்பு இல்லை. டிசம்பர்த் தீர்ப்பை வெறும் நாடகம் என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்று பேர் நேர்மையாகவே விசாரித்திருக்கலாம். அந்த நேர்மைக்கு இடம் கொடுத்தது மைசூர்.

மேஜர் பானர்மென் செப்டம்பர் 1ல் ஓலை அனுப்பினார், 4ஆம் தேதி பாளையங்கோட்டையில் வந்து நில் என்று. ஜாக்சன் இரண்டு வாரம் கொடுத்தார், இவர் மூன்று நாள். செப்டம்பர் 5ல் பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டது. சிவசுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தார்கள். அக்டோபர் நடுவில் கயத்தாற்றில் பாளையக்காரர்கள் எல்லாரையும் வரவழைத்து உட்காரவைத்து ஒரு விசாரணை. கிஸ்தி ஒழுங்காகக் கட்டவில்லை, கூப்பிட்டால் வரவில்லை, சிவகிரி விவகாரத்தில் ஆள் அனுப்பினாய், கும்பெனிப் படையை எதிர்த்தாய் என்று குற்றச்சாட்டுகள். குழு இல்லை, சென்னைக்கு முறையீடு இல்லை, அன்றைக்கே தீர்ப்பு. பத்து மாதத்துக்கு முன் இதே மனிதரை இதே அரசு குற்றமற்றவர் என்று அனுப்பிவைத்திருந்தது. பானர்மென் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது: விசாரணை நேரம் முழுக்கக் கட்டபொம்மன் துளிகூட அஞ்சாமல் அலட்சியமாக நின்றதையும், தனக்கு எதிராக நின்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனத்தோடு பார்த்ததையும் அவரே எழுதியிருக்கிறார். சாட்சிக்கு உட்காரவைத்த கூட்டம் யாருக்காக என்பது அவருக்கும் தெரியும், கட்டபொம்மனுக்கும் தெரியும்.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, தூத்துக்குடியையும் கொஞ்ச நாள் கையில் வைத்திருந்து, மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி விழுந்தது வரையிலான கதை தனியாகச் சொல்ல வேண்டியது. அந்த வருஷமே நவாப்பின் ஆட்சியும் பெயரளவுக்கு ஆகிவிட்டது, பாளையங்கள் ஆயுதம் இழந்து ஜமீன்களாயின. தகராறு செய்ய உள்ளூர் அரசன் என்று யாரும் மிச்சமில்லை. 1825ல் டச்சுக்காரர்களும் தூத்துக்குடியைக் கடைசியாக ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் இந்தக் கரையில் உரிமைத் தகராறு என்றால் மனு, கலெக்டர் கச்சேரி, ரெவினியூ போர்டு, கோர்ட்டு. பழைய கல் கணக்கில் நாயக்கர் பங்கு போய்விட்டது. பரதவர்களின் சாதித்தலைவனுக்குச் சிலாபத்தில் இருந்த பங்கை மட்டும் ஆங்கில அரசாங்கம் ரொம்ப காலம் விட்டு வைத்திருந்தது, ஏனென்றால் குளிகாரர்களைத் தோணியில் ஏற்ற அவருடைய வார்த்தை அவர்களுக்குத் தேவைப்பட்டது.